மலைப் பள்ளிக்கு நாள் குறிப்பது யார்?



அரசின் கல்விக் கொள்கை பள்ளி ஊழியரின் கைக்கு வந்து சேர்வது ஒரு தாளாகத்தான். மேலே இயக்குநரின் செயல்முறைகள் என்று தலைப்பு. அதன் கீழ் ந.க. எண், நாள், பிறகு பொருள், பார்வை, நடுவில் நான்கைந்து பத்தி, கடைசியில் பெறுநர், அனைத்து மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்கள். சென்னையில் கையெழுத்தான அந்தத் தாள் மாவட்டக் கல்வி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர், தலைமையாசிரியர் என்று படிப்படியாக இறங்கி வரும். இப்போதெல்லாம் தாள் வருமுன்னே வாட்ஸ்அப்பில் படம் வந்துவிடுகிறது. வேகம் கூடியிருக்கிறது, பாதை மாறவில்லை. பெறுநர் பகுதியின் அந்த ஒரு வரியில் வத்தலக்குண்டும் அடங்கும், மன்னவனூரும் அடங்கும். ஒன்று வைகைச் சமவெளியின் வெயிலில் கிடக்கும் ஊர். மற்றது பழனி மலையின் மேல்தட்டில், சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்கு வரும் ஊர். இரண்டுக்கும் ஒரே மாவட்டம், ஒரே தாள், ஒரே தேதி. இன்று நான் வைக்க வந்த வாதம் அந்தத் தேதியைப் பற்றியது. மலைப் பள்ளிகளின் வேலைநாள்களை மலையிலிருந்தே முடிவு செய்ய வேண்டும். அதற்கான அதிகாரம் சட்டத்தில் ஏற்கெனவே எழுதிக் கிடக்கிறது. எடுத்துப் பயன்படுத்துவார்தான் இல்லை.

முதலில் ஜூன் மாதத்தைப் பாருங்கள். 2023இல் ஆறு முதல் பன்னிரண்டு வகுப்புகளுக்கு ஜூன் 1, ஒன்று முதல் ஐந்து வரை ஜூன் 5 என்று பள்ளி திறப்பு அறிவிக்கப்பட்டது. வெயில் தணியவில்லை என்று ஜூன் 7க்குத் தள்ளினார்கள். அப்போதும் தணியவில்லை; உயர் வகுப்புகளுக்கு ஜூன் 12, தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று மறுபடியும் தள்ளினார்கள். 2024இல் ஜூன் 6 என்றிருந்தது ஜூன் 10 ஆயிற்று. சமவெளிக்கு இது சரியான முடிவு, அதில் எனக்கு மறுப்பே இல்லை. வேலூரிலும் மதுரையிலும் தகரக் கூரைக்குக் கீழே குழந்தையை உட்கார வைப்பது கொடுமை. ஆனால் அதே உத்தரவில் கொடைக்கானல் பள்ளிகளும் மூடியே கிடந்தன. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் மே மாதத்துப் பகல் வெப்பமே 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். சமவெளிக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து வண்டி பிடித்து ஓடிவரும் ஊரில், வெயிலுக்குப் பயந்து பள்ளியைப் பூட்டி வைத்திருந்தோம். 2025இல் வகுப்புகளில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் மணி வந்தபோதும் இதே கதைதான். நல்ல திட்டம், ஆனால் மலைமேல் இருக்கும் பூம்பாறையில் அந்த மணி அடிக்கும் நேரத்தில் பிள்ளைக்கு வேண்டியது வெந்நீராக இருக்கும் என்பதைத் தாள் எழுதியவர் நினைத்துப் பார்த்திருக்க நியாயமில்லை.

இப்படி ஜூனில் வீணாகும் நாள்களுக்கு ஆண்டின் மறுபாதி பழிவாங்குகிறது. பழனி மலையின் பெருமழை அக்டோபர், நவம்பர் மாதங்களில். கனமழை எச்சரிக்கை வந்தால் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். சில நாள் மாவட்டம் முழுமைக்கும், சில நாள் கொடைக்கானல் வட்டத்துக்கு மட்டும். அறிவிப்பு தொலைக்காட்சியில் ஓடுவது பெரும்பாலும் விடிகாலையில். அதற்குள் வத்தலக்குண்டிலிருந்தோ பெரியகுளத்திலிருந்தோ முதல் பேருந்தைப் பிடித்த ஆசிரியர் மலைப்பாதையின் பாதியில் இருப்பார். பிள்ளைகளின் வழியும் எளிதல்ல: கல்வித் துறையின் கணக்கில் தொடக்கப் பள்ளிக்கு நடந்துபோகும் தூரம் ஒரு கிலோமீட்டர். அது நேர்க்கோட்டுக் கிலோமீட்டர் அல்ல என்பது மலையில் காலை ஊன்றி ஏறியவர்களுக்குத் தெரியும். நெடுங்காலம் வண்டிப்பாதையே இல்லாதிருந்த வெள்ளகவி போன்ற ஊர்களும் இந்த மலையில்தான் இருக்கின்றன. விடுமுறைச் செய்தி எட்டாத பிள்ளை நனைந்துகொண்டே வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்த மலைமேல் ஏறியபோது மரங்கள் சாய்ந்து, மண் சரிந்து, சாலைகள் துண்டாயின. மின்சாரம் திரும்பப் பல நாள் பிடித்தது. மழைக்குப் பிறகு டிசம்பர், ஜனவரியில் உறைபனி. கொடைக்கானல் ஏரிக்கரையில் புல்மேல் வெள்ளை படிந்திருக்கும் காலையில் ஒன்பது மணிக்கு இறைவணக்கக் கூட்டம் என்பது நாள்காட்டிக்குச் சரி, ஆறு வயதுப் பிள்ளைக்குச் சரியா?

இழந்த நாளை ஈடுகட்டத் துறை கண்டுபிடித்த வழி சனிக்கிழமை. சமவெளியில் அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். மலையில் அது வேறு சங்கதி. வாரக் கடைசியில் சுற்றுலா வண்டிகள் மலைப்பாதையை அடைத்துக்கொள்ளும். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கொண்டுவர வேண்டி வந்ததே, நெரிசல் எந்த அளவுக்குப் போயிற்று என்பதற்குச் சாட்சி. அந்த நாளில்தான் பள்ளிப் பேருந்தும் ஆசிரியரின் பேருந்தும் மேலேற வேண்டும். பிள்ளைகளின் பக்கம் இன்னொன்று. சனிக்கிழமை பல வீடுகளில் வேலை நாள். பூண்டு உரிக்க, காரட் கழுவ, கடையில் நிற்கப் பிள்ளையின் கையும் எண்ணப்படும். அது சரியென்று சொல்ல வரவில்லை. ஈடுசெய்யும் வேலைநாள் பதிவேட்டில் நிரம்புகிறது, வகுப்பில் நிரம்புகிறதா என்று கேட்கிறேன்.

மலை வேறு என்பது அரசுக்குத் தெரியாத செய்தி இல்லை. இதைச் சொல்லாமல் போனால் நியாயம் ஆகாது. மலைப்பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, கணுக்கால் வரை மூடும் காலணி, காலுறை எல்லாம் விலையில்லாமல் தருகிறது தமிழ்நாடு அரசு. ஊழியர்களுக்கு மலைப்படி உண்டு, குளிர்காலப்படி உண்டு. மாறுதல் கலந்தாய்வில் மலைச் சுழற்சி என்று தனிப்பிரிவே உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது முதல் கட்டத்தில் சேர்த்த 1,545 பள்ளிகளில் 237 பள்ளிகள் தொலைதூர, மலைப் பகுதிப் பள்ளிகள். தேடிப் பார்த்து முதல் வரிசையில் வைத்தார்கள் என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆக, பிள்ளையின் உடம்புக்குக் குளிரும் என்று அரசு ஒப்புக்கொண்டுவிட்டது, ஆசிரியரின் செலவு கூடும் என்று ஒப்புக்கொண்டுவிட்டது, மலைக்குச் சோறு முதலில் போக வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டுவிட்டது. நேரம் ஒன்றைத்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கம்பளிச் சட்டையைக் கொடுத்துவிட்டு, அதைப் போட்டுக்கொண்டு எந்த மாதம் பள்ளிக்கு வருவது என்பதை மட்டும் சென்னையின் வெப்பமானியைப் பார்த்துச் சொல்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த குழந்தைகளின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை ஆசிரியர்கள் பலரும் இரண்டு பிரிவுகளுக்காக நினைவில் வைத்திருப்பார்கள்: ஆசிரியரின் கடமைகளைச் சொல்லும் 24ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் நீங்கலாகக் கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்னும் 27ஆம் பிரிவு. அவற்றுக்கு முன்பே 9ஆம் பிரிவு இருக்கிறது; அதிகம் பேசப்படாத பிரிவு. உள்ளாட்சி அமைப்பின் கடமைகளை அது வரிசையாக அடுக்குகிறது. இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது அதில் ஒன்று. அந்த வரிசையின் கடைசி உட்பிரிவு, பள்ளியின் கல்வியாண்டு நாள்காட்டியை முடிவு செய்வது. மாநில அரசின் கடமைகளைச் சொல்லும் 8ஆம் பிரிவில் நாள்காட்டி இல்லை. நாடாளுமன்றம் யோசித்தே அதை ஊராட்சியிடமும் நகராட்சியிடமும் கொடுத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வதுதான் நேரான பொருள். சட்டத்தின் அட்டவணை கேட்பது ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு 200 வேலைநாள், 800 மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். எந்த 200 என்று அட்டவணை சொல்லவில்லை. அந்த எண்ணிக்கையே கல்லில் வெட்டியதில்லை என்பதை நாமே கண்டோம். 2024-25ஆம் கல்வியாண்டுக்கு முதலில் 220 வேலைநாள் என்று நாள்காட்டி வந்தது, ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன, 210 என்று திருத்தம் வந்தது. வானம் இடிந்து விழவில்லை.

வேறு மாநிலங்களில் இது புதுமையும் இல்லை. இமாச்சலப் பிரதேசத்தில் கோடையில் நீண்ட விடுமுறை விடும் பள்ளிகள், குளிர்காலத்தில் நீண்ட விடுமுறை விடும் பள்ளிகள் என்று இரண்டு வகை உண்டு. ஒரே கல்வித் துறை, ஒரே வாரியம், ஒரே பாடநூல். பனி விழும் இடத்துக்கு ஒரு நாள்காட்டி, அடிவாரத்துக்கு இன்னொன்று. இன்னும் வலுவான சான்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நாடு முழுவதும் ஒரே சீராக நடந்தே ஆக வேண்டிய வேலை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அதற்கே 2025 ஜூன் 16இல் வந்த அறிவிக்கையில் பனி மூடும் பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1, மற்ற இடங்களுக்கு 2027 மார்ச் 1 என்று இரண்டு தேதி வைத்தார்கள். தலை எண்ணுவதற்கே மலைக்குத் தனித் தேதி கொடுக்கலாமென்றால், எழுத்து கற்பிப்பதற்கும் கொடுக்கக் கூடாதா?

இதற்கு எழும் மறுப்புகளில் முதலாவது தேர்வு. நாள்காட்டி மாறினால் பொதுத் தேர்வு எப்படி என்பார்கள். பத்து, பன்னிரண்டு வகுப்புகளுக்கு இந்தக் கவலை நியாயமானதே. அவர்களுக்கு மார்ச், ஏப்ரல் மாதத் தேதிகளை நகர்த்த முடியாது, நகர்த்தவும் வேண்டாம். பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வை 2025-26 முதல் அரசே எடுத்துவிட்டது. எட்டாம் வகுப்பு வரை மாநிலம் தழுவிய பொதுத் தேர்வு இல்லை. 2012-13இல் வந்த முப்பருவ முறையில் ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனி நூல், தனித்தனி மதிப்பீடு. ஒரு பருவத்தைப் பத்து நாள் முன்தள்ளுவதும் பின்தள்ளுவதும் ஒரு வட்டாரத்துக்குள் முடிகிற காரியம். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூன் 13இல் தொடங்கியபோது அடிப்படையாகக் கொண்டதே பிள்ளை நிற்கும் நிலையிலிருந்து கற்பிக்க வேண்டும் என்பதைத்தான். பிள்ளைக்குப் பிள்ளை நிலை மாறலாம் என்று ஏற்றுக்கொண்ட திட்டம், மலைக்கும் தரைக்கும் தேதி மாறலாம் என்பதை ஏற்க மறுக்கக் காரணமில்லை.

இரண்டாவது மறுப்பு மலைக்குள்ளேயே எழுவது, இதுதான் கடினமானது. பழனி மலை ஒரே மலையா? மேல்மலையில் உருளைக்கிழங்கு, பூண்டு, காரட். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது அங்கே விளைவதால்தான். கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பி, மிளகு, மலைவாழை. காப்பிப் பழம் பறிக்கும் காலம் நவம்பரில் தொடங்கித் தைக்கு அப்பாலும் போகும். அந்த மாதங்களில் பளியர் பழங்குடிக் குடும்பங்கள் உட்படக் கூலிக் குடும்பங்கள் தோட்டங்களில் தங்கி வேலை செய்யப் போகும்போது பிள்ளைகளும் கூடவே போவார்கள். கொடைக்கானல் நகரிலோ ஏப்ரல், மே மாதங்கள்தான் சீசன். விடுதி, கடை, குதிரை, வாடகை வண்டி என்று ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி அந்த எட்டு வாரத்தில் வந்தாக வேண்டும். மே மாதத்தில் பள்ளியைத் திறந்து வைத்துக் குளிர்காலத்தில் மூடுங்கள் என்று யாராவது எளிதாகச் சொன்னால், நகரத்துப் பெற்றோரே முதலில் எதிர்ப்பார்கள். சாலை நெரிசலைப் பார்த்தால் அவர்கள் எதிர்ப்பதும் சரி. இமாச்சலத்தின் ஏற்பாட்டை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே நட முடியாது.

ஆனால் இந்த மறுப்பு என் வாதத்துக்குத்தான் துணை நிற்கிறது. மூன்று பகுதிக்கு மூன்று விதமான ஆண்டு என்றால், அதைச் சென்னையில் இருப்பவர் எப்படிக் கணிப்பார்? திண்டுக்கல்லில் இருப்பவர்கூடக் கணிக்க முடியாது. பள்ளி பள்ளியாகப் பார்ப்பது முடியாத காரியமல்ல; இலங்கையில் பள்ளிகளை வசதியின் அளவு பார்த்து வகைப்படுத்தி, கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று ஒவ்வொரு பாடசாலைக்கும் தனித்தனியாகத் தரம் குறிக்கிறார்கள். மலையகத் தோட்டப் பாடசாலைகள் பலவும் வன்னிப் பாடசாலைகள் பலவும் அந்தப் பட்டியலில் வரும். அந்த ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு, ஆனால் அளவுகோல் மாவட்டமாக இல்லாமல் பள்ளியாக இருக்கிறது. நான் கேட்பது முழு விடுமுறை மாற்றத்தை அல்ல. ஆண்டின் 200 நாளில் ஒரு பதினைந்து நாளை மட்டும் வட்டாரத்தின் கையில் விடுங்கள் என்கிறேன். சமவெளி வெயிலுக்காகத் திறப்பைத் தள்ளினால் மலைப் பள்ளி முதலில் அறிவித்த தேதியிலேயே திறந்து அந்த நாள்களைச் சேமித்துக்கொள்ளட்டும். அக்டோபர் மழையிலோ ஜனவரிக் குளிரிலோ அவற்றைச் செலவழிக்கட்டும். சனிக்கிழமைக் கடன் அப்படியே குறைந்துபோகும்.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் காதைக் கடித்துச் சொல்லப்படுவது: உள்ளூரில் விட்டால் ஆசிரியர்கள் தம் வசதிக்கு விடுமுறையை வளைத்துக்கொள்வார்கள் என்பது. மலைக்குப் பணிக்கு வந்தவர் மாறுதல் ஆணைக்காகவே காத்திருக்கிறார் என்ற பேச்சு ஊரில் உண்டு, சில இடங்களில் அதில் உண்மையும் உண்டு. அதற்கு மருந்து அதிகாரத்தைச் சென்னையில் பூட்டி வைப்பதா, பெற்றோர் கண்ணெதிரே வைப்பதா? பள்ளி மேலாண்மைக் குழுக்கள் 2024இல் 24 பேர் கொண்டவையாக மறுபடியும் அமைக்கப்பட்டன. பெரும்பான்மை பெற்றோர், தலைமையும் பெற்றோர் ஒருவருக்கே. ஆசிரியர் வராத நாள் எது என்று இயக்குநரைவிட அந்தப் பெற்றோருக்கு நன்றாகத் தெரியும். சென்னை பார்ப்பதற்கு எமிஸ் என்னும் துறைச் செயலி இருக்கிறது, அதில் வருகைப்பதிவு ஏறும். அலைவரிசை கிடைக்காத ஊரில் அது ஏறுவதற்குள் ஆசிரியர் வகுப்பை விட்டு மேட்டைத் தேடிப் போக வேண்டியிருக்கும். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் குறுவள மையப் பயிற்சிக்குப் போயிருந்தால், மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு இந்த வேலையையும் பார்க்க வேண்டும். அறுபது பிள்ளை வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் கணக்கு. அந்தக் கணக்கு தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் பயிற்சித் தேதியையும் பதிவு நேரத்தையும் குறிப்பவர் அந்த அறையை மனக்கண்ணிலாவது பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு மறுப்பு, கொள்கை அளவிலானது. மலைக்குத் தனி விதி என்றால், நாளடைவில் மலைக்குத் தாழ்ந்த கல்வி என்று ஆகிவிடாதா? இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். சலுகை என்ற பெயரில் தரத்தைக் குறைத்த வரலாறு இந்த நாட்டில் உண்டு. அதனால்தான் நான் பாடத்தைத் தொடவில்லை, நாள்களின் எண்ணிக்கையைத் தொடவில்லை, ஆசிரியர் தகுதியைத் தொடவில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றி 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு மலைக்கும் பொருந்தும், தரைக்கும் பொருந்தும், பொருந்தத்தான் வேண்டும். எதைக் கற்பிக்க வேண்டும், யார் கற்பிக்க வேண்டும் என்பவை மாநிலத்தின் பொறுப்பு. எந்த வாரத்தில் என்பது ஊரின் பொறுப்பு. கொடைக்கானலின் பன்னாட்டுப் பள்ளி 1901இல் தொடங்கியது. அதற்கும் அது போன்ற விடுதிப் பள்ளிகளுக்கும் சொந்த நாள்காட்டி இருக்கிறது. அதனால் அவற்றின் தரம் தாழ்ந்துவிட்டதாக யாரும் சொன்னதில்லை. கட்டணம் கட்டும் பிள்ளைக்கு மலையின் நாள்காட்டி, அரசுப் பள்ளிப் பிள்ளைக்குச் சமவெளி நாள்காட்டி என்றிருப்பதுதான் எனக்குத் தாழ்வாகத் தெரிகிறது.

நடைமுறையில் ஒரு முடிச்சு இருக்கிறது. சட்டம் அதிகாரத்தை உள்ளாட்சிக்குக் கொடுத்திருக்க, திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் 2019 இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். ஊராட்சித் தலைவரே இல்லாத காலத்தில் ஊராட்சி எப்படி நாள்காட்டி போடும் என்று கேட்பது சரியான கேள்வி. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவது மேலாண்மைக் குழுவின் வேலை. கட்டடம், கழிவறை, சுற்றுச்சுவர் என்று எழுதும் அந்தத் திட்டத்தில் நாள்களையும் எழுதலாம். கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றில் அக்டோபர் 2, நவம்பர் 1 இரண்டும் மழைக்காலத்திலேயே வருகின்றன.

ஆகவே இங்கே இருக்கும் தலைமையாசிரியர்களிடமும் குழுத் தலைவர்களிடமும் என் வேண்டுகோள் இது. இந்தக் கல்வியாண்டு முழுவதும் ஒரு பதிவேடு வையுங்கள். மழைக்காக, மண் சரிவுக்காக, பேருந்து வராததற்காக, தோட்ட வேலைக்காக உங்கள் பள்ளி இழந்த நாள் எது, அன்று வந்த பிள்ளைகள் எத்தனை பேர், ஈடுசெய்த சனிக்கிழமை எது, அன்று வந்தவர்கள் எத்தனை பேர் என்று தேதி போட்டு எழுதுங்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆண்டு முடிவில் அதைத் தீர்மானமாக்கி, வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக மாவட்ட ஆட்சியருக்கும் தொடக்கக் கல்வி இயக்குநருக்கும் அனுப்புங்கள். பார்வை என்ற இடத்தில் 9ஆம் பிரிவைக் குறிப்பிட மறக்க வேண்டாம்.